சனிக்கிழமைச் சீடிகள்

அவர் தன் சொந்தக் கதிரையில் உட்காரக்கூட அனுமதி கேட்பார். நான் கூட்டிச் சொல்லவில்லை. நிவித்திகல பஸ் நிலையத்துக்கு எதிரே, இரும்புக்கடைக்கு மேல்மாடியில் இருந்த கம்ப்யூட்டர் அறைக்கு அவர்தான் பொறுப்பு. மெஷினைக் கழற்றிப் பூட்டுகிறவர் அவர். அந்த அறையில் ஒரு வயர் எங்கே போகிறது என்று கேட்டால் அவர்தான் சொல்லவேண்டும். அப்படியிருந்தும் நான் அவருக்கு முன்னால் வந்து பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தால், குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டு என் முன்னால் வந்து நிற்பார்.

"உக்காரலாங்களா மிஸ்?"

"இது உங்க கதிரைதானேங்க?"

"இருந்தாலும் நீங்கதானே முன்னுக்கு வந்தீங்க."

நான் "உக்காருங்க" என்று சொன்ன பிறகுதான் உட்காருவார். சில நாள் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படியே நிற்பார், மனிதன். கடைசியில் எனக்குத்தான் பொறுக்காது.

இப்போது நான் கலவானயில் இருக்கிறேன். பள்ளிக்கூடம், வீடு, இரண்டு பிள்ளைகள், ஒன்றுக்கும் குறைவில்லை. என் கணவர் நல்லவர். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போனில் ஒரு படம் போய்ச்சேரக் கொஞ்சம் சுணங்கினாலே பெரிய மகள் பொறுமையில்லாமல் திரையைத் தட்டுகிறாள். அந்த மாதிரி நேரத்தில் எனக்கு அவரைத் தேடுகிறது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் தேடுகிறது. அவர் கட்டாருக்குப் போய்விட்டதாக யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்திலிருந்து நிறையப் பெண்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். போன் என்பது ஊருக்கு ஒன்றிரண்டு. அதில் பேச ஆரம்பித்தாலே காசு காசு என்று மனம் அடித்துக்கொள்ளும். அதனால் ஒரு நலன்புரிச் சங்கம், பிள்ளைகளையும் வீட்டுக்காரர்களையும் பேசவைத்துப் படம்பிடித்து, சீடியில் அடித்து அந்தப் பெண்களுக்கு அனுப்பிவைத்தது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. லயம் லயமாகத் தொழிலாளர் வீடுகளுக்குப் போய்ப் படம்பிடிப்பது என் வேலை. சின்ன கேமரா ஒன்று தந்திருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் கேமரா கார்டைக் கொண்டுபோய் நிவித்திகலயில் சங்கத்து அறையில் கொடுத்தால் அவர் சீடி அடித்துத் தருவார். நான் உறையில் போட்டு விலாசம் எழுதிச் சங்கத்துச் செயலாளர் ஐயாவிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறவேண்டும்.

சுற்றியிருந்த கடைகளில் எல்லாம் விண்டோஸ் ஓடியது, காசு கொடுத்து வாங்காத விண்டோஸ். எங்கள் சங்கத்துக்கு உதவி செய்தவர்கள் களவுச் சரக்கு ஆகாது என்று சொல்லிவிட்டதால் எங்களுக்கு வாய்த்தது லினக்ஸ். அதில் ஆளாளுக்குத் தனிக் கணக்கு, தனி அறை. என் அறைக்குள் இருப்பதை இன்னொருவர் திறந்தால் மெஷின் தமிழிலேயே 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று சொல்லும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. தோட்டத்து ஆபீஸ் வாசலில் எங்கள் ஆட்கள் கேட்டுப் புளித்த பேச்சு அது. இதைக் கேட்கவா மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வந்தேன் என்றேன்.

"கார்ட்ல இருக்கிறது ரூட் பேர்ல ஏறிருச்சு மிஸ். அதான் உங்கள விடமாட்டேங்குது. உங்க பேருக்கு மாத்திட்டா சரி," என்றார்.

ரூட் என்பது அந்த மெஷினின் பெரிய கணக்கு. அதற்குள் நுழைந்தவருக்குத் திறக்காத கதவு கிடையாது. கடவுச்சொல் அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆனாலும் அதற்குள் போகவே அவர் தயங்குவார். போனாலும் வேலை முடிந்த கையோடு வெளியே வந்துவிடுவார். என் கோப்பைத் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு சனிக்கிழமையும், "திறக்கலாங்களா மிஸ்?" நினைத்தால் கேட்காமலே திறக்கக்கூடியவர் அப்படிக் கேட்டது எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு அதைக் கேட்பதற்காகவே சனிக்கிழமையை எதிர்பார்க்கத் தொடங்கினேன்.

இங்கே அவர் பெயரைச் சொல்லவில்லை என்று யாரும் குறைப்படவேண்டாம். அன்றைக்கும் நான் அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் வெளி ஆம்பிளையைக் கூப்பிட அண்ணே என்ற ஒரு சொல்தான் உண்டு. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதனால் "இந்தாங்க", "இங்க பாருங்க" என்றே ஒப்பேற்றினேன். கீழே இரும்புக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், எல்லாருக்கும் அவர் நானா, ஒருநாள், "என்ன மகள், அவருக்குப் பேரே இல்லையா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

இனி, சீடி அடிக்கிற கதை. எதிர்க்கடையில் ஒரு சீடியைக் கொடுத்துவிட்டு பலகாரம் ஒன்று தின்று முடிப்பதற்குள் கையில் தருவார்கள். எங்கள் மெஷினில் ஒரு சீடிக்கு ஒரு மணி நேரம் மென்றுகொண்டிருக்கும். திரையில் ஒரு நீலப் பட்டை நகரும். நகர்கிறதா என்று சந்தேகம் வருகிற மாதிரி நகரும். பாதியில் தட்டுத்தடுமாறினால் சீடித் தட்டும் வீண். பலகைத் தரையில் யாராவது தொம் தொம் என்று நடந்தால் அதற்கும் பயந்து, மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டவுடன் எட்டிப்பார்த்து, "ஹெமின் ஹெமின்" என்பார். வந்தவர் தமிழோ சிங்களமோ, அவருக்கு அது ஒன்றுதான் வார்த்தை. மெல்ல, மெல்ல. தேத்தண்ணி கொண்டுவருகிற ஆளும் பூனை மாதிரி ஏறப் பழகிவிட்டான்.

"ஏங்க, இது எப்ப சரியாகும்?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பேன்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் மிஸ்."

பார்த்துக்கொண்டும் இருந்தார். ஒரு வாரம் வயர்தான் பழுது என்று வேறு வயர் போட்டார். இன்னொரு வாரம் தட்டு மட்டமான சாதி என்றார். மழை மாதங்களில் இரத்தினபுரிப் பக்கத்து ஈரம் டிரைவின் கண்ணில் படிந்துவிடுகிறது என்று சொல்லி, பெட்டியைக் கழற்றி, பஞ்சால் துடைத்து, திருகாணிகளை என் கையில் பிடிக்கத் தந்தார். "வச்சுக்கிறீங்களா மிஸ்?" என்று கேட்டுத்தான் தந்தார். திருகாணிகளை உள்ளங்கையில் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கும் அது அதே வேகத்தில்தான் ஓடியது.

வேகமாக அடித்தால் என்ன என்று வாதாடினால் உடனே ரப்பர் மரத்துக்குப் போய்விடுவார். அவர் கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா பால் வெட்டுகிறவர். "கத்திய கொஞ்சம் ஆழமா போட்டா பால் கூடத்தான் வரும் மிஸ். ஆனா மரத்துக்குக் காயம். அடுத்த வருஷம் அந்தப் பட்டையில ஒண்ணும் வராது. சீடியும் அப்படித்தான். அவசரமா அடிச்சது அங்க போய் பாடாது."

"உங்களுக்கு எல்லாத்துக்கும் ரப்பர்தானா? நாங்க தேயிலக்காரங்க. கொழுந்த காத்திருந்து கிள்ளினா முத்திப்போகும்."

"அதான் நீங்க இவ்வளவு வெடுக்குன்னு பேசுறீங்க போல," என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று பயந்துபோய் என் முகத்தைப் பார்ப்பார். நான் சிரித்த பிறகுதான் அவருக்கு மூச்சு வரும்.

சீடி வெளியே வந்ததும் சூடு ஆறவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டுவார். எழுதிய இடம் கொஞ்சம் கறுத்திருக்கும், எழுதாத இடம் பளபளக்கும். "இந்தா, இதுவரைக்கும்தான் நம்ம ஆளுங்க பேசியிருக்காங்க" என்று விரலை மேலே வைக்காமல் வட்டமாகக் காட்டுவார். நான் தலையைச் சாய்த்துப் பார்க்கும்போது அவருடைய சட்டைக் கைக்கும் என் கன்னத்துக்கும் அதிக இடைவெளி இருக்காது. சட்டைக் கையை மணிக்கட்டுவரை பித்தான் போட்டிருப்பார். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடித்த வாசம் வரும். இவ்வளவுதான் எங்களுக்குள் நடந்தது. இதைவிட அதிகமாக எதையும் எதிர்பார்த்து வருகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனால் எனக்கு அது குறைவாக இல்லை. கிழமை முழுதும் பிள்ளைகளோடு கத்திவிட்டு, வீட்டில் அம்மாவோடு மல்லுக்கட்டிவிட்டு, அந்த மாடியில் மழைச் சத்தத்துக்குள் ஒரு நீலப் பட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் எனக்கு ஒரு முழு வாழ்க்கை கிடைத்தது. எல்லாம் முடியக் கடைசி பஸ்தான் கிடைக்கும். இருட்டத் தொடங்கிய பிறகுதான் வீட்டுக்குப் போவேன். அம்மா ரோட்டில் வந்து நின்றுகொண்டிருப்பார்.

செயலாளர் ஐயாவைப் பற்றியும் சொல்லவேண்டும். பென்ஷன் வாங்கிய தபால் அதிபர். தங்கமான மனிதர், குரல்தான் பெரிது. உதவி செய்கிறவர்களுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், நல்லதாக இரண்டு மூன்று பேச்சைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன், திற என்று ஒருநாள் இவரிடம் வந்து நின்றார்.

"அவங்கள கேட்டீங்களா ஐயா?"

"யார?"

"பேசினவங்கள. புருஷன் பொண்டாட்டிக்குப் பேசினது. நான்கூட சத்தத்தக் குறைச்சு வச்சுட்டுத்தான் அடிக்கிறேன்."

"அட, நான் செயலாளர் தம்பி!"

"நீங்க போஸ்ட்மாஸ்டரா இருந்தீங்க. ஒரு கவரையாவது பிரிச்சிருப்பீங்களா ஐயா?"

ஐயா வயிறு குலுங்கச் சிரித்து, முதுகில் ஒன்று போட்டுவிட்டு, என்னிடம் திரும்பி, "மிஸ், நீங்க லயத்துக்குப் போகும்போது ரெண்டு பேர்கிட்ட கேட்டுட்டு வாங்க" என்றார். நான் கேட்டு வந்தேன். அந்த இரண்டு பேருடையதை மட்டும் ஒரு சீடியில் அடித்து ஐயாவின் தலைமை ஆபீசுக்கு அனுப்பினோம். அங்கேயும் லினக்ஸ். அங்கே போட்டால், அனுமதி மறுக்கப்பட்டது! குவைத்தில் சாதாரணப் பிளேயரில் எல்லாம் பாடுகிற சீடி, எங்கள் ஆபீசில் மட்டும் திறக்க மறுத்தது. ஐயா போனில் கத்தியது கீழே இரும்புக்கடைவரை கேட்டது. இவர் வேண்டுமென்றே செய்துவிட்டதாக அவருக்கு நினைப்பு.

இவர் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார். "இங்க பூட்டி வச்சேன்ல மிஸ், அந்தப் பூட்டையும் சேத்து சீடியில எழுதிட்டேன். ஃபைலோட சொந்தக்காரன் பேரும் கூடவே போயிருக்கு. அங்க அந்தப் பேர்ல யாரும் இல்ல. எப்படி திறக்கும்?" நான் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கில் ஏறிவிட்டது. எல்லாரும் வாசிக்கலாம் என்று மாற்றி மறுபடி அடித்தார். அதற்கும் அந்த இரண்டு பேரிடம் இன்னொரு தடவை கேட்டு வரச்சொன்னார் என்றால் பாருங்களேன்.

இன்னொன்று. தோட்டத்தின் மேல் டிவிஷனில் ஒரு மனிதர், மனைவி சவூதியில். கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தார், ஒரு சொல் பேசவில்லை. கையைப் பிசைந்தார், இருமினார், கூரையைப் பார்த்தார், மறுபடி இருமினார். இதை அனுப்பி என்ன, அழித்துவிடுங்கள் என்றேன். "அழிக்கலாமான்னு அவர கேட்டீங்களா மிஸ்?" என்றார் இவர் வழக்கம்போல. நான் முறைத்தேன். அந்த இருமலுக்கு ஒரு முழுத் தட்டைச் செலவழித்து, அது அடித்து முடியும்வரை இருவரும் காவல் இருந்தோம். பிறகு அந்தப் பெண் லீவில் வந்தபோது என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மனுசன் இருமுறது பக்கத்துல படுத்திருக்கிற மாதிரியே இருந்துச்சு மிஸ்." அதை நான் அவரிடம் சொன்னேன். அவர் திரையைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் வீட்டில் எனக்குக் கலவானப் பக்கம் ஒரு இடம் பேசத் தொடங்கியிருந்தார்கள். மாமா வழியில் சொந்தம். சொல்லி அனுப்பினால் பெண் பார்க்க வருவார்கள் என்று அம்மா சாடைமாடையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நாளைக் கடத்தினேன். எதற்கு என்று கேட்டால், அவர் கேட்பார் என்றுதான். கதிரைக்குக் கேட்கிற மனிதன், திருகாணிக்குக் கேட்கிற மனிதன், ஒருநாள் என்னையும் கேட்காமலா போவார்? ஒவ்வொரு சனிக்கிழமையும் நீலப் பட்டை பாதி தாண்டும்போது இன்றைக்குக் கேட்பார் என்று நினைப்பேன். தொண்டையைக் கனைப்பார். "ஜன்னல சாத்தலாங்களா மிஸ், சாரல் அடிக்குது" என்பார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று இருக்கும். பரவாயில்லை, அடுத்த சனிக்கிழமை இருக்கிறதே, மெஷினும் இப்போதைக்குச் சரியாகாதே என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.

அப்படி இருக்கும்போதுதான் செல்வராணி போனாள். எங்கள் தோட்டத்துப் பெண். இரண்டாவது தடவையாகக் குவைத்துக்குப் போகிறாள். முதல் தடவை மகள் தூங்கும்போது போய்விட்டாள். அந்தக் கோபத்தில் பிள்ளை, அம்மா லீவில் வந்து நின்ற நாளெல்லாம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்ப் போய்த் திரும்பினேன். செல்வராணி புறப்படுகிற சனிக்கிழமை காலையில் அந்தப் பிள்ளை தானாகவே பள்ளிக்கூடத்துப் படிக்கட்டுக்கு வந்து, "என்னய புடிங்க மிஸ்" என்று உட்கார்ந்தது. ஆட்டுக்குட்டிப் பாட்டு பாடியது. கோழி குஞ்சு பொரித்த கதை சொன்னது. கடைசியில் கேமராவுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, "அம்மா, நான் கோவம் இல்ல" என்றது.

ஏஜென்சி வேன் நிவித்திகலயில் வந்து ஏற்றிக்கொள்ளும் என்று ஏற்பாடு. செல்வராணி பெட்டியோடு இரும்புக்கடையில் நானாவின் வாங்கில் உட்கார்ந்திருந்தாள். தபாலில் அனுப்புவோம் என்றால், முடியாது என்றாள். "போன தடவ வந்தத மேடம் என் கையில குடுக்கவே இல்ல மிஸ். நான் கொண்டுபோனாத்தான் உண்டு." ஆனால் காலையிலிருந்தே கொட்டுகிற மழையில் கரண்ட் இல்லை. மேலே இவரும் நானும் செயலாளர் ஐயாவும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். "கரண்ட் இன்னும் வாரல்லையே தம்பி" என்று நானா கீழேயிருந்து குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். கரண்ட் வந்தது. அதே நேரம் வேனும் வந்தது. "யமு நங்கி, யமு!", போவோம் தங்கச்சி போவோம் என்று சாரதி ஹோர்ன் அடிக்கத் தொடங்கினான்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "இந்த மெஷின்ல எங்க முடியும்? வேன் கொழும்புக்கே போயிரும்."

அவர் கீபோர்டில் கையை வைத்தார். ஆனால் தட்டவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"மிஸ், ஒரு வழி இருக்கு. பண்ணட்டுங்களா?"

"பண்ணுங்க!"

"பண்ணினா பிறகு இப்படி இருக்காது மிஸ். பண்ணட்டுங்களா?"

"ஐயோ, கேட்டுக்கிட்டே இருக்காதீங்க! என்ன வழியா இருந்தாலும் பண்ணித் தொலைங்க!"

ரூட்டுக்குள் போனார். ஒரே ஒரு வரி தட்டினார், என் பெயரை எழுதுகிற நேரம்கூட ஆகியிருக்காது. சீடியைப் போட்டார். நீலப் பட்டை பாய்ந்தது. ஊர்ந்து ஊர்ந்து என் மாதங்களை எல்லாம் கடத்திய அதே பட்டை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதியைத் தாண்டி, முக்காலைத் தாண்டி, முடிந்துபோனது. ஆறவைக்கவில்லை, வெளிச்சத்தில் பிடிக்கவில்லை. சட்டைக்குள் வைத்துக்கொண்டு தொம் தொம் என்று பலகை அதிரப் படியிறங்கி ஓடினார். ஜன்னலால் பார்த்தேன். நகரத் தொடங்கிய வேன் நின்றது. செல்வராணியின் கை வெளியே வந்து வாங்கிக்கொண்டது. அந்த நிமிஷம் எனக்கு சந்தோஷத்தைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

தோன்றவைத்தவர் செயலாளர் ஐயாதான். அவர் திரையைப் பார்த்துப் பிரமித்துப்போய் நின்றார். "அடடே, இவ்வளவு சுருக்கா ஓடுதா இது! அப்ப இந்தப் புள்ள எதுக்கு அந்தி வரைக்கும் இங்க காவல் கெடக்கணும்? கார்ட பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்துவிட்டா போதாதா? பாவம், ஒவ்வொரு கிழமையும் இருட்டுல போகுது." எனக்கு நல்லது செய்கிற சந்தோஷம் அவர் முகத்தில். நனைந்துபோய்ப் படியேறி வந்தவர் அதைக் கேட்டபடி வாசலில் நின்றார்.

அடுத்த சனிக்கிழமையும் நானேதான் கார்டைக் கொண்டுபோனேன். கொடுத்தேன். தேத்தண்ணி வருவதற்குள் எல்லா சீடியும் அடித்து வரிசையாக அடுக்கியாகிவிட்டது. விலாசம் எழுதுகிற சாக்கில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

"அந்த ஒரு வரி எப்பயிருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"டிரைவுக்குப் போற நேர் பாதைய மெஷின் அடைச்சு வச்சிருந்துச்சு மிஸ். திறந்துவிட்டா வேகமா ஓடும்."

"அத கேக்கல. எப்பயிருந்து தெரியும்?"

சட்டைக் கைப் பித்தானைத் திருகினார். "முதல் மாசமே."

"அப்ப அந்த வயரு? ஈரம்? பெட்டியக் கழட்டி என்கிட்ட திருகாணி தந்தது?"

"வயர் நல்லாத்தான் இருந்துச்சு மிஸ்."

மழை இல்லாத நாள் அது. கீழே நானா யாருக்கோ ஆணி நிறுத்துக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. அவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"உங்க நேரத்த மட்டும்தான் கேக்காம எடுத்துக்கிட்டேன். கேட்டா இல்லன்னுருவீங்களோன்னு பயம்."

எடுத்துக்கங்க, இன்னும் எடுத்துக்கங்க என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. அதற்குள் படியில் செருப்புச் சத்தம். "மிஸ்! மூணு மணி பஸ் நிக்குது, நிக்கச் சொல்லிட்டேன், ஓடியாங்க!" செயலாளர் ஐயா எனக்காக பஸ்ஸையே மறித்து வைத்திருந்தார். பையைத் தூக்கினேன். அவர் எழுந்து நின்றார். ஏதாவது கேட்பார் என்று ஒரு படி இறங்கித் திரும்பிப் பார்த்தேன். கேட்கவில்லை. இனி எதையும் கேட்கத் தனக்கு உரிமையில்லை என்று நினைத்திருப்பார் போல. பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. "அடுத்த கிழமையில இருந்து கார்ட என்கிட்ட குடுத்துருங்க மிஸ், ஐயா சொல்லிட்டாரு" என்றார் கண்டக்டர்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மலையில் இன்னும் வெயில் இருந்தது. அம்மா விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னடி, இன்னைக்கு வெள்ளனவே வந்துட்ட?"

"இனி எல்லா சனிக்கிழமையும் இப்படித்தான்மா. மெஷின் சரியாகிருச்சு."

"அப்பாடா. இனி நான் ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்க வேணாம்." அம்மாவின் முகத்தில் அவ்வளவு நிம்மதி. விறகுக் கட்டையைக் கையில் வைத்தபடியே என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் என்னைக் கேட்டு எதுவும் நடந்ததில்லை. அன்றைக்குப் பார்த்து அம்மா கேட்டார்.

"கலவானக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்பட்டுமாடி?"

"அனுப்புங்கம்மா," என்றேன்.